இயற்கணிதத்தின் ஈருறுப்பும் உயிரினங்களின் இருசொற் பெயரும் ஒன்றுதானா?

கேள்வி இதுதான். இயற்கணிதத்தில் 'க + ப' போன்ற கோவையை பைனாமியல் என்கிறார்கள். மாமரத்தை 'மாஞ்சிஃபெரா இண்டிகா' என்று குறிக்கும் முறைக்கும் அதே பெயர். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்தா? அப்படியானால் உயிரினப் பெயரின் இரண்டு சொற்களையும் கணிதத்தின் இரண்டு உறுப்புகளைப் போல எடுத்துக்கொள்ளலாமா? கேட்டவர் முதல் பகுதிக்கே அழுத்தம் கொடுத்திருக்கிறார். எனக்கு இரண்டாவது பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் சிறியது. இரண்டு பகுதிகளும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதில் வரும் குழப்பம் பெரியது.

சுருக்கமான பதில்: இரண்டு பகுதிகள் இருக்கின்றன என்பது மட்டுமே பொது. கணிதத்தில் அந்த இரண்டும் சம தகுதி உள்ளவை, கூட்டலால் இணைபவை, இடம் மாறினாலும் பொருள் மாறாதவை. உயிரினப் பெயரில் ஒன்று மற்றதற்குள் அடங்கியது, கூட்டல் எதுவும் இல்லை, இடம் மாற்றவே முடியாது.

செடிகளை இனங்கண்டு பெயர் குறித்து வைப்பது பல ஆண்டுகளாக என் வேலை. அதனால் தாவரப் பெயர்களைப் பற்றி இங்கே சொல்வது அன்றாடம் கையாள்வதிலிருந்து வருகிறது. விலங்கியல் பெயரிடல் விதிகளைத் தேவைப்பட்டபோது வாசித்துத் தெரிந்துகொண்டேன். கணிதம் கல்லூரியில் படித்தது; மரபியலுக்காக மறுபடி உட்கார்ந்து படித்ததும் உண்டு. எந்த இடத்தில் என் பேச்சுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று நீங்கள் தீர்மானிக்கவே இதைச் சொல்கிறேன்.

கணிதத்திலிருந்து தொடங்கலாம். எண்களும் எழுத்துகளும் பெருக்கலால் மட்டும் இணைந்த ஒரு துண்டுதான் உறுப்பு. 7 ஓர் உறுப்பு, 3க ஓர் உறுப்பு, 5க²ப என்பதும் ஒரே உறுப்புதான். எத்தனை எழுத்துகள் கண்ணில் படுகின்றன என்று எண்ணக்கூடாது. கூட்டல் அல்லது கழித்தல் குறியால் பிரிந்து நிற்கும் துண்டுகள் எத்தனை என்றே எண்ண வேண்டும். அப்படி இரண்டு துண்டுகள் இருந்தால் அது ஈருறுப்புக் கோவை: க + ப, 3க − 7, க² − ப². எண்ணுவதற்கு முன் ஒத்த உறுப்புகளைச் சேர்த்துவிட வேண்டும். 5க + 3க பார்வைக்கு இரண்டு உறுப்பு; சேர்த்தால் 8க, ஒன்றே ஒன்று. மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இன்னொன்று உண்டு. (க + ப)² என்பது ஈருறுப்பின் வர்க்கம். விரித்தால் க² + 2கப + ப² என்று மூன்று உறுப்புகள் வரும். ஆனால் (க + ப)(க − ப) என்ற பெருக்கல் விரிந்ததும் க² − ப² என்று இரண்டு உறுப்பாகவே நிற்கும். வடிவத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாமல், விரித்து, சேர்த்து, பிறகு எண்ணுவதே சரி.

'சேர்க்க முடியாத இரண்டு' என்ற இந்தக் கருத்து மிகப் பழையது. கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் தன் நூலின் பத்தாம் புத்தகத்தில் ஒரு வகை நேர்கோட்டை 'இரு பெயர்களிலிருந்து வந்தது' என்று அழைக்கிறார். இன்றைய குறியீட்டில் 2 + √3 போன்ற ஒரு நீளம் அது. 2 ஓர் அளவு, √3 ஓர் அளவு. இரண்டையும் ஒரே அளவுகோலால் மிச்சமில்லாமல் அளக்க முடியாது. ஆகவே கூட்டினாலும் ஒரே எண்ணாகச் சுருங்குவதில்லை. ஒவ்வொன்றும் தன் பெயரை வைத்துக்கொண்டே நிற்கிறது. இது லத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சமக்குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்டின் 1557ஆம் ஆண்டு நூலிலேயே 'பைனாமியல்' இருக்கிறது. ஆக, கணிதத்தின் பைனாமியலும் தொடக்கத்தில் பெயரைப் பற்றிய பேச்சுதான். இதுவரை உறுதி. அந்தச் சொல்லின் பின்பாதி லத்தீனின் 'பெயர்' என்ற சொல்லிலிருந்து வந்ததா, 'பங்கு' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததா என்பதில் அகராதிகள் ஒத்துப்போவதில்லை. யூக்ளிடின் சொல்லாட்சியைப் பார்க்கும்போது முதல் விளக்கமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. முடிந்த முடிவாக இதைச் சொல்ல மாட்டேன்.

ஈருறுப்புக்குக் கணிதத்தில் இவ்வளவு மதிப்பு வந்தது அதன் அடுக்குகளால்தான். (க + ப)³ஐ மூன்று அடைப்புகளாக எழுதிப் பாருங்கள். ஒவ்வோர் அடைப்பிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்க வேண்டும். மூன்றிலும் க எடுக்க ஒரே வழி. இரண்டில் க, ஒன்றில் ப எடுக்க மூன்று வழி, ஏனெனில் அந்த ப எந்த அடைப்பிலிருந்தும் வரலாம். அதனால்தான் கெழுக்கள் 1, 3, 3, 1. அந்த எண்கள் வேறு எங்கிருந்தும் வரவில்லை. எத்தனை வழிகளில் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணிக்கைதான் அவை. ஒவ்வோர் அடுக்கின் கெழுக்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் ஓர் எண் முக்கோணம் வரும்; அதை பாஸ்கல் பெயரில் சொல்கிறோம். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதரும், சீனாவில் யாங் ஹுய்யும் அதைத் தந்திருக்கிறார்கள். பின்ன அடுக்குகளுக்கும் ஈருறுப்பின் இந்த விரிவு பொருந்தும், அப்போது விரிவு முடிவில்லாமல் நீளும் என்பதை நியூட்டன் 1676ல் லைப்னிட்ஸுக்காக எழுதிய கடிதங்களில் விளக்கினார். எண்ணிக்கை பற்றிய இந்தப் பகுதியை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி உயிரினப் பெயர். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸுக்கு முன் ஒரு செடியின் பெயர் என்பது அதன் முழு வர்ணனை. சொடக்குத் தக்காளி வகையைச் சேர்ந்த ஒரு செடிக்கு 'ஃபைசாலிஸ் அன்னுவா ராமோசிஸிமா, ராமிஸ் அங்குலோசிஸ் கிளாப்ரிஸ், ஃபோலிஸ் டென்டாட்டோ-செர்ராட்டிஸ்' என்று பெயர். ஒரு பருவத்தோடு முடியும், மிகுதியாகக் கிளைக்கும், கிளைகள் கோணமுள்ளவை, மயிரில்லாதவை, இலை விளிம்பு பல் போன்றது என்று அர்த்தம். பெயரே விளக்கம் என்பதில் ஒரு வசதி உண்டு. ஆனால் அதே பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுதியில்) புதிதாக ஒரு செடி கிடைத்துவிட்டால், அதிலிருந்து பிரித்துக் காட்டப் பழைய பெயரோடு இன்னும் சில சொற்கள் சேர்க்க வேண்டும். பெயர் நீண்டுகொண்டே போகும். 1753ல் வந்த 'ஸ்பீசீஸ் பிளாண்டேரம்' நூலில் லின்னேயஸ் அந்த நீண்ட தொடர்களை விட்டுவிடவில்லை. அவற்றையே முறையான பெயர்களாகக் கருதினார். பக்க ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு சொல்லை அச்சிட்டார். பேரினப் பெயரோடு அந்த ஓரச்சொல்லைச் சேர்த்தால் 'ஃபைசாலிஸ் ஆங்குலேட்டா'. நினைவில் வைக்க எளிதாக இருந்ததால் ஓரத்தில் இருந்ததே நிலைத்தது, நடுவில் இருந்தது வழக்கொழிந்தது. இன்று தாவரங்களுக்கு அந்த 1753ஆம் ஆண்டு நூலும், விலங்குகளுக்கு 1758ல் வந்த 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பும் தொடக்கப் புள்ளிகள். அதற்கு முன் வைத்த பெயர்கள், மிகச் சில விலக்குகள் தவிர, கணக்கில் வராது.

அந்த மாற்றத்தில் மிச்சமான சொற்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. பெயர் வேறு, விளக்கம் வேறு என்று பிரிந்தன. இருசொற் பெயர் எதையும் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மத்தியதரைக் கடலோரத்தில் விளையும் ஒரு பூச்செடிக்கு லின்னேயஸ் 'சில்லா பெருவியானா' என்று வைத்தார். பெரு நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவறான பொருள் தருகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ளிவிட விதிகள் இடம் கொடுப்பதில்லை. இதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. பொருள் சரியில்லை என்று ஆளுக்கொரு திருத்தம் செய்யத் தொடங்கினால் பழைய பலசொற் பெயர்களின் குழப்பத்துக்கே திரும்பிப் போவோம்.

இப்போது இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள உறவைப் பார்ப்போம். மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா, புளியமரம் டமரிண்டஸ் இண்டிகா, வேம்பு அசாடிராக்டா இண்டிகா. 'இண்டிகா' என்று மட்டும் சொன்னால் எந்த மரமும் குறிக்கப்படவில்லை. அது ஓர் அடைமொழி. தாவரவியல் விதிநூலும் அதை அப்படியே வகைப்படுத்துகிறது. இயற்கணிதத்தில் க + ப-வில் இருந்து ப-வை மட்டும் எடுத்தால் அது முழுமையான ஒரு கோவை, தனக்கென்று மதிப்பு உள்ளது. இங்கே இரண்டாவது சொல்லைப் பிரித்தால் தொங்கிக்கொண்டு நிற்கும். பேரினம் தெரு, அடைமொழி வீட்டு எண் என்று வைத்துக்கொள்ளலாம்: 14ஆம் எண் எல்லாத் தெருவிலும் இருக்கும், தெருப் பெயரோடு சேர்ந்தால்தான் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர முடியும்.

அடுத்து வரிசை. க + ப என்றாலும் ப + க என்றாலும் ஒன்றுதான். 'இண்டிகா மாஞ்சிஃபெரா' என்பது பெயரே அல்ல. ரோமன் எழுத்தில் பேரினத்தின் முதல் எழுத்து பெரியதாகவும், அடைமொழி சிறிய எழுத்திலும், இரண்டும் சாய்வாகவும் வரும். தமிழில் எழுதும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லாததால் இந்த மேல்-கீழ் உறவு கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டும் சமமான சொற்கள் போலத் தோன்ற அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரே சொல் இரண்டு முறை வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். க + க என்பது 2க, ஓர் உறுப்பாகிவிடும். விலங்கியலில் நாகப்பாம்பு 'நாஜா நாஜா'. அது இரண்டு சொல்லாகவே நிற்கிறது, விதிப்படி செல்லும். லின்னேயஸ் 1758ல் அதற்கு வைத்த பெயர் 'கொலுபர் நாஜா'. 1768ல் லாரெண்டி 'நாஜா' என்று ஒரு பேரினத்தை ஏற்படுத்தினார். பாம்பு அந்தப் பேரினத்துக்கு மாறியபோது பழைய அடைமொழியையும் கூடவே எடுத்துக்கொண்டு போனதால் இரட்டிப்பு உண்டானது. தாவரவியல் விதிகள் இப்படிப்பட்ட பெயரை ஏற்பதில்லை. பேரினச் சொல்லே அப்படியே அடைமொழியாக வரக்கூடாது. ஒரே கேள்விக்கு இரண்டு துறைகளும் இரண்டு தீர்ப்பு சொல்கின்றன. இரண்டு விதிநூல்களும் தனித்தனியாக இயங்குவதால் ஒரே பேரினப் பெயர் ஒரு செடிக்கும் ஒரு விலங்குக்கும் இருக்கலாம். 'மோரஸ்' என்றால் தாவரவியலில் முசுக்கொட்டை, பறவையியலில் ஒரு கடற்பறவை.

பேரினம் மாறும்போது அடைமொழி எப்போதும் சும்மா வருவதில்லை; அது பெயரடையாக இருந்தால், புதிய பேரினப் பெயரின் இலக்கணப் பாலுக்கு ஏற்றபடி வால் மாறும். சிட்டுக்குருவியை லின்னேயஸ் 'ஃபிரிஞ்சில்லா டொமெஸ்டிகா' என்று வைத்தார். பேரினம் ஆண்பாலான 'பாஸர்' ஆனதும் அது 'பாஸர் டொமெஸ்டிகஸ்' ஆயிற்று. கூடவே, பெயருக்குப் பின்னால் எழுதும் 'லின்னேயஸ், 1758' என்பது அடைப்புக்குறிக்குள் போனது. விலங்கியலில் அந்த அடைப்புக்குறி, பெயர் வைத்தவர் இதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்று சொல்லும் அடையாளம். கணிதத்தின் அடைப்போடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் உலர்தாவரத் தொகுப்பில் இந்த நகர்வைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். தக்காளியின் ஒரு தாளை எடுத்தால், அடியில் சேகரித்தவர் ஒட்டிய சீட்டில் 'லைகோபெர்சிகான் எஸ்குலெண்டம்' என்று இருக்கும். அதன் மேல்பக்கம் பின்னால் வந்த ஒருவர் ஒட்டிய சிறிய சீட்டில், வேறு கையெழுத்தில், 'சொலானம் லைகோபெர்சிகம்' என்று இருக்கும். பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. 1753ல் லின்னேயஸ் சொலானத்தில் வைத்ததை 1768ல் மில்லர் தனிப் பேரினத்துக்கு மாற்றினார். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு பெரும்பாலோர் மறுபடி சொலானத்துக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். செடி மாறவில்லை, அதன் உறவுமுறை பற்றிய நம் முடிவு மாறியது. இருசொற் பெயரின் முதல் சொல் வெறும் அடையாளம் அல்ல, ஒரு கருதுகோளும்கூட. பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் தாவரப் பெயர்களில் நிஜமாகவே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அங்கே குழப்பம் வர வாய்ப்பு அதிகம். மிளகுப் புதினாவின் பெயர் 'மெந்தா × பைப்பரிட்டா'. அந்தக் குறி, இது இரண்டு சிற்றினங்கள் கலந்து பிறந்த கலப்பினம் என்று மட்டும் காட்டுகிறது. அது ஒரு சொல்லாகக் கணக்கில் வராது, எதையும் பெருக்கவும் இல்லை. '+ லபர்னோசைடிசஸ்' என்று ஒரு மரம் இருக்கிறது. ஒட்டுப் போட்ட இடத்தில் லபர்னம், சைடிசஸ் இரண்டின் திசுக்களும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து உண்டானது. விந்தும் முட்டையும் சேர்ந்தால் பெருக்கல் குறி, திசுக்கள் மட்டும் ஒட்டினால் கூட்டல் குறி. இது ஒரு குறியீட்டு வழக்கம், இயற்கணிதம் அல்ல.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். பேச்சிலும் பாடநூலிலும் பைனாமியல் என்று சொன்னாலும், விதிநூல்கள் அதை முதன்மைச் சொல்லாக வைத்திருக்கவில்லை. விலங்கியல் விதிநூல் 'பைனாமென்', 'பைனாமினல்' என்கிறது; நடுவில் ஒரு 'ன' கூடுதல். தாவரவியல் விதிநூல் 'பைனரி காம்பினேஷன்', அதாவது இரட்டைச் சேர்க்கை என்கிறது. ஆகவே தேர்வில் எழுதும்போது கணிதத்துக்கு ஈருறுப்பு என்றும் உயிரியலுக்கு இருசொற் பெயர் என்றும் தனித்தனியாக எழுதுவது தமிழ் வழக்குக்கு மட்டுமல்ல, விதிநூல்களின் போக்குக்கும் பொருந்தும்.

அப்படியானால் இரண்டும் சந்திக்கும் இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் பெயரிடலில் அல்ல, மரபியலில். மெண்டல் பயிரிட்ட பட்டாணியின் பெயர் பைசம் சட்டைவம். அந்தப் பெயரில் இயற்கணிதம் எதுவும் இல்லை. செடியின் சந்ததிகளில் இருக்கிறது. விதை உருண்டையா சுருங்கியதா என்ற பண்பில் மெண்டல் எண்ணியது 5474 உருண்டை, 1850 சுருங்கியவை, ஏறத்தாழ 3க்கு 1. கலப்பில் வெளிப்படும் ஓங்கு காரணியை க, மறைந்து நிற்கும் ஒடுங்கு காரணியை ப என்று வைத்தால், அவர் 1866ல் வெளியிட்ட கட்டுரையில் எழுதிய வரிசை க + 2கப + ப. இன்று கக + 2கப + பப என்று எழுதுகிறோம். கலப்புச் செடி ஒவ்வொன்றும் பாதி க, பாதி ப தரும். தாய் தருவதில் ஒன்று, தந்தை தருவதில் ஒன்று: இரண்டு அடைப்புகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் அதே கணக்கு. நடுவில் 2 வருவதற்குக் காரணமும் அதுவே. ப தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம்.

1908ல் கணித அறிஞர் ஹார்டியும் மருத்துவர் வைன்பெர்க்கும் ஒருவரை ஒருவர் அறியாமல் இதை ஒரு முழு மக்கள்தொகைக்கு நீட்டினார்கள். ஒரு காரணியின் விகிதம் 0.9, மற்றதன் விகிதம் 0.1 என்றால் (0.9 + 0.1)² = 0.81 + 0.18 + 0.01. நூற்றில் ஒருவருக்கு ஒடுங்கு பண்பு வெளிப்படும்போது, வெளியே தெரியாமல் அதைச் சுமப்பவர்கள் நூற்றில் பதினெட்டு பேர். இந்தக் கணக்கு உறுதியானது. ஓர் இடத்தில் அது பொருந்துமா என்பது நிபந்தனைகளைப் பொறுத்தது. தொகை பெரியதாக இருக்க வேண்டும், இணைசேர்தல் தற்செயலாக நடக்க வேண்டும், இயற்கைத் தேர்வும் திடீர்மாற்றமும் இடப்பெயர்வும் இருக்கக் கூடாது. தன் மகரந்தத்தையே ஏற்கும் பட்டாணி, இவற்றில் இணைசேர்தல் பற்றிய நிபந்தனையையே மீறுகிறது. அதில் கலப்புச் செடிகளின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். மெண்டலே அதைக் கணக்கிட்டார்: பத்தாம் தலைமுறையில் 2048 செடிகளில் 1023 ஓங்கு பண்பிலும் 1023 ஒடுங்கு பண்பிலும் மாறாமல் நிலைத்திருக்கும், கலப்பாக மிஞ்சுவது 2.